புழுவைத் தேடாதேங்கோ, விதையைத் தேடுங்கோ

ஓகஸ்ட், செப்டம்பர் வந்தாக் காணும், ரொறொன்ரோப் பக்கத்து ஆக்களின்ர ஃபேஸ்புக் முழுக்க மொனார்க் வண்ணத்துப்பூச்சிதான். நெட் கூட்டுக்குள்ள இருபது முப்பது புழு, பிள்ளையின்ர விரல்ல ஒரு செம்மஞ்சள் பூச்சி, கீழ நூறு ஹார்ட். பார்க்க எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லக்கூடாது, ஆனா ஒவ்வொரு முறையும் வாய்வரைக்கும் ஒரு கேள்வி வரும். அந்தப் புழுவுக்கு இலை எங்க பிடுங்கினீங்கள், அது தின்னுற மில்க்வீட் செடி உங்கட வளவில ஒண்டாவது நிக்குதோ எண்டு. கனபேரிட்ட இல்லை. ட்ரெயில் ஓரத்தில நிண்டதை முறிச்சுக்கொண்டு வந்து கூட்டுக்குள்ள போடுறது, பிறகு முட்டை போட அந்தச் செடியைத் தேடி வாற தாய்ப்பூச்சி என்ன செய்யிறது? போதாக்குறைக்கு, இப்பிடி நெருக்கி அடைச்சு வளர்த்தா ஒண்டுக்கு வந்த நோய் எல்லாத்துக்கும் வரும்.

பூச்சி எந்தப் பூவிலயும் தேன் குடிக்கும், புழுவுக்கு மில்க்வீட் இலை மட்டும்தான் சாப்பாடு. எங்கட ஆக்களுக்கு இது ஒண்டும் புதுசில்லைப் பாருங்கோ. ஊரில எருக்கலை இலையைத் திருப்பினா கறுப்பு மஞ்சள் வெள்ளை வரி போட்ட ஒரு புழு கிடக்குமே, அது மொனார்க்கின்ர ஒண்டுவிட்ட சகோதரம். ஊர்ப் புழுவுக்கு மூண்டு சோடி கொம்பு, இஞ்சத்தைய புழுவுக்கு ரெண்டு சோடி, அவ்வளவுதான் வித்தியாசம் மாதிரி இருக்கும். எருக்கலையும் மில்க்வீட்டும் ஒரே குடும்பம், இலையை முறிச்சா அதே பால், தண்டில அப்புற மஞ்சள் பேன்கூட அதேதான். எருக்கலம்பால் கண்ணில பட்டாக் கண் போயிடும் எண்டு அம்மம்மா கத்துவா, விதை எடுக்க மில்க்வீட் காய் உடைக்கேக்க அதை ஞாபகம் வச்சிருங்கோ, கை கழுவாமல் கண்ணைக் கசக்காதேங்கோ.

சரி, வளவில நட மில்க்வீட் விதைக்கு வாறன். காய் பச்சையா இருக்கேக்க அவசரப்பட்டுப் பிடுங்கினா உள்ள விதை வெள்ளையாக் கிடக்கும், அது குப்பைக்குத்தான். காயின்ர பொருத்தில பெருவிரலால மெல்ல அமத்த அது தானா வாயைத் திறக்கோணும், விதை மண்ணிறமா இருக்கோணும், செப்டம்பர் கடைசியில இருந்து ஒக்டோபருக்குள்ள அந்தப் பதம் வரும். தெரிஞ்ச ஆக்களின்ர வளவில கேட்டு எடுங்கோ, ரூஜ் பார்க் பக்கம் போகாதேங்கோ, அது தேசிய நகர்ப்புறப் பூங்கா, ஒண்டும் பிடுங்கேலாது. இன்னொண்டு, டோக் ஸ்ட்ராங்ளிங் வைன் எண்டு ஒரு கொடி இஞ்ச எல்லா வேலியிலயும் ஏறி நிக்குது, அதுக்கும் ஒடுக்கமாக் காய் வந்து பஞ்சு பறக்கும், மில்க்வீட் எண்டு நினைச்சுக் கொண்டுவந்து நட்டுடாதேங்கோ. மொனார்க்கே அதில ஏமாந்து முட்டை போடுறது, பொரிக்கிற புழு எல்லாம் சாகும்.

காய்க்குள்ள விதையோட இருக்கிற பஞ்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் வருசம் நான் குசினி மேசையில வச்சுக் காயைப் பிரிச்சன், அந்த நேரம் பாத்து ஹீட்டர் காத்து அடிக்கத் தொடங்கிச்சுது, சோபா, கேர்ட்டின், சோத்துப்பானை ஒண்டும் மிச்சமில்லை, மனிசியிட்ட வாங்கின பேச்சு இப்பவும் காதில நிக்குது. இப்ப வெளியில வச்சு பேப்பர் பாக்குக்குள்ள காயும் நாலைஞ்சு சில்லறைக் காசும் போட்டுக் குலுக்கிறன், விதை அடியில விழும். ஆனா அந்தப் பஞ்சு லேசுப்பட்ட சாமான் இல்லை. இரண்டாம் உலகப்போர் நேரம் லைஃப் ஜாக்கெட்டுக்குள்ள அடைக்கிறது எங்கட இலவம்பஞ்சுதான், ஜாவாவில இருந்து வந்தது, 1942 இல ஜாவா யப்பான்காரன்ர கையில போக வரவு நிண்டுபோச்சு. பிறகு அதுக்குப் பதிலா அமெரிக்காவிலயும் கனடாவிலயும் பள்ளிக்கூடப் பிள்ளையளை விட்டுச் சாக்குச் சாக்கா மில்க்வீட் காய் பொறுக்குவிச்சவை. ரெண்டு சாக்குக் காய்க்கு ஒரு உயிர் எண்டுதான் பிள்ளையளுக்குச் சொன்னது. நாங்கள் இலவு காத்த கிளியை இன்னும் நக்கலடிச்சுக்கொண்டு இருக்கிறம்.

அந்த முதல் வருசத்து விதையை ஏப்ரலில சாடியில போட்டன், முப்பதில மூண்டு முளைச்சுது. விதை சொத்தை எண்டு நினைச்சன், பிழை என்ரதான். ஒக்டோபரில விழுற விதை அப்பவே முளைச்சா டிசம்பரில விறைச்சுச் சாகும், அதால ஈரத்தோட ஒரு குளிர்காலம் கழிஞ்சாத்தான் அது கண் திறக்கும். நனைச்சுப் பிழிஞ்ச பேப்பர் ரவலில சுத்திப் பாக்கில போட்டு பிறிட்ஜுக்குள்ள ஒரு மாசம், ஒண்டரை மாசம் வையுங்கோ, ஃப்றீசரில இல்லை. இல்லாட்டி இந்தக் கரைச்சலே வேண்டாம், நவம்பரில நிலத்தைக் கொஞ்சம் கிளறித் தூவி, காலால மிதிச்சுப்போட்டு வந்து தேத்தண்ணி குடியுங்கோ, மிச்சத்தைப் பனி பாத்துக்கொள்ளும். சின்ன வளவெண்டா சுவாம்ப் மில்க்வீட் போடுங்கோ, கொமன் மில்க்வீட் மண்ணுக்குக் கீழால ஓடிப் பக்கத்து வீட்டிலயும் எழும்பும். முதல் வருசம் பூக்கிறது குறைவு, செத்துப்போச்செண்டு கிண்டிப் பாக்காதேங்கோ. புளோரிடா, ரெக்சாஸ் பக்கம் இருக்கிற சொந்தக்காரருக்கு மட்டும் ஒரு சொல்லு, கடையில சிவப்பும் மஞ்சளுமாப் பூத்து நிக்கிற ட்ரொபிகல் மில்க்வீட்டை வாங்காதேங்கோ, அங்க அது குளிருக்குப் பட்டுப்போகாது, வருசம் முழுக்க நிக்கிற இலையில மொனார்க்கைத் தாக்கிற ஓஈ எண்டுற ஒட்டுண்ணி சேர்ந்துகொண்டே போகும்.

பக்கத்து வீட்டு அன்ரி "தம்பி, இதென்ன பத்தை, வெட்டிவிடுமன்" எண்டு ரெண்டு வருசமாச் சொல்லுறா. அவவில பிழையில்லை, 2014 வரை ஒன்ராறியோ அரசாங்கமே இதைக் களைப் பட்டியலில வச்சிருந்தது. மொனார்க் குளிருக்குப் பறந்துபோய்த் தங்கிற மெக்சிக்கோ மலைக்காட்டில 1996-97 குளிர்காலத்தில 18 ஹெக்டெயருக்கு அப்பி இருந்த பூச்சி, 2013-14 இல 0.67 ஹெக்டெயருக்குள்ள அடங்கினாப் பிறகுதான் இஞ்ச அந்தப் பட்டியலில இருந்து எடுத்தவை. அந்த மெக்சிக்கோக் காட்டைத் தேடி வாழ்நாள் முழுக்க அலைஞ்ச பிரெட் ஏர்காட் ஆர் தெரியுமோ, ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின்ர எங்கட ஸ்காபரோ கம்பஸில படிப்பிச்ச பேராசிரியர். அவரும் மனிசி நோராவும் செட்டையில லேபிள் ஒட்டி ஒட்டி விட்டு, 1975 சனவரியிலதான் இடம் பிடிபட்டது. ஸ்காபரோவில இத்தனை தமிழ்ச் சனம் இருக்கிறம், இந்தக் கதை எங்களில எத்தினை பேருக்குத் தெரியும்?

அன்ரிக்கும் இதைச் சொன்னன். போன கிழமை வந்து காய் ஒண்டைத் தொட்டுப் பாத்திட்டு, "எருக்கலை மாதிரியெல்லோ கிடக்கு" எண்டிட்டு நாலு கொண்டுபோனவ.

என்னட்ட இன்னும் ஒரு போத்தில் விதை கிடக்கு, ஸ்காபரோ, மார்க்கம் ஆக்கள் கேளுங்கோ. பஞ்சு எடுத்துத்தான் தருவன், வீட்டுக்குள்ள காயே வரக்கூடாதெண்டு மனிசியின்ர ஓடர்.