கார்டில் வராத செலவு

"காப்பீட்டு கார்டு இருக்குல்ல, அப்புறம் என்ன செலவு?" சித்தப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து இதைக் கேட்காத ஆள் இல்லை. கார்டு இருந்தது உண்மைதான். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். ஆபரேஷனும் கீமோவும் அதில்தான் நடந்தன. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் எங்களைச் சாய்த்த செலவு எதுவும் ஆஸ்பத்திரி பில்லில் வரவில்லை.

சித்தப்பா ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்க வேண்டும். நாள் முழுக்க கை ஈரத்தில்தான். அவருக்கு ஏற்றிய ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து நரம்பைப் பாதிக்கும். பச்சைத் தண்ணீர் பட்டாலே விரலெல்லாம் ஊசி குத்தியது போல இழுத்துக்கொள்ளும். கீமோ முடிந்தும் விரல் நுனி மரத்தே கிடக்கிறது. அச்சில் கோடு தாண்டாமல் வண்ணம் ஊற்ற முடியவில்லை. முப்பது வருடத் தொழில் தெரிந்த கை அது. அதற்கு எந்த கார்டில் பணம் வரும்?

மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்கு இரவு ரயில். சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி, ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழ் வாங்கினால் போதும் என்று பாதிச் சிகிச்சை முடிந்த பிறகுதான் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித் தெரிந்தது. அதற்குள் சித்தியின் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது.

எல்லாவற்றையும்விட அந்தப் பைதான். குடலை வயிற்று வழியாக வெளியே எடுத்து, மலம் சேர ஒட்டியிருக்கும் பை. நாங்கள் கைக்காசில்தான் வாங்குகிறோம். காசை மிச்சம் பிடிக்க சித்தப்பா ஒரே பையை நாள் கடத்தி வைத்துக்கொள்வார். ஓரம் கசிந்து தோல் புண்ணாகும். வெளியே போகிற நாளில் சாப்பிடவே மாட்டார். ஊரில் எந்தக் கல்யாண வீடானாலும் முதல் பந்தியில் நின்று பரிமாறிய மனுஷன், பந்திப் பக்கமே வருவதில்லை. கொப்புடையம்மன் கோயிலுக்குப் போனால் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். யாரும் வராதே என்று சொல்லவில்லை. அவராகவே நின்றுகொண்டார்.

இதே வெட்கம்தான் முதலிலும் கெடுத்தது. ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் எட்டு மாதம் நாட்டு மருந்து தின்றார். மலத்தில் ரத்தம் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், தயவுசெய்து.

சர்க்கரை மாத்திரையை மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரியில் கொடுப்பது போல இந்தப் பையையும் ஊர்ப் பக்கத்திலேயே கொடுக்க வேண்டும். அதை எப்படி மாற்றுவது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஒரு நர்ஸ் வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

சித்தி இப்போது கசியாமல் பை மாற்றக் கற்றுக்கொண்டுவிட்டார். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாருக்காவது புதிதாகப் பை வைத்திருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து காட்டித் தருவதாகச் சித்தி சொல்லச் சொன்னார்.