அடங்காத சனம் என்று சொல்லாதீர்கள்

போன வாரம் அச்சகத்துப் பரணை ஒழித்தபோது ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தது. 300 பத்திரிகை. மஞ்சள் கவர், பிள்ளையார் படம், 2020 வைகாசியில் தேதி. அடித்து, மடித்து, கவரில் போட்டு வைத்ததோடு சரி, வாங்கிப் போக யாரும் வரவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் இதைச் சொன்னதும் பேச்சு கொரோனா காலத்துக்குப் போய்விட்டது. நண்பர் ஒருவர் சொன்னார்: "இன்னொரு தடவை அப்படி அடைச்சா நம்ம சனம் தாங்காதுப்பா. அப்பவே அடங்கலையே. இதுக அடிச்சாத்தான் அடங்கும்." பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. ஒரு வாரமாக மனதில் கிடந்து அறுக்கிறது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

நம் சனம் அடங்கவில்லை என்பதே முதலில் தப்பு. 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து, நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுக்க ஊரடங்கு என்றார். நான்கு மணி நேரம்தான் அவகாசம். கையில் இருந்த அரிசி, பருப்பு, சில்லறையோடு அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மக்கள் இவர்கள். மதுரை, ராத்திரி ஒரு மணிக்கும் கொத்து பரோட்டா சத்தம் கேட்கிற ஊர். அந்த ஏப்ரலில் எங்கள் தெருவில் எட்டு மணிக்கே யார் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது என்று எண்ணிச் சொல்லலாம். சித்திரைத் திருவிழாவையே விட்டுக்கொடுத்த ஊர் இது. அந்த வருடம் மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பட்டர்கள் மட்டும் இருந்து நடத்தினார்கள். நாங்கள் டிவி முன்னால் நின்று தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். என் அம்மாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அழகர் ஆற்றில் இறங்காத சித்திரை இல்லை. அழுதுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இதைப் பொறுமை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அப்புறம் எது தாங்கவில்லை என்று கேட்டால், பரணில் கிடந்த அந்தக் கட்டைத்தான் காட்டுவேன்.

அந்தக் குடும்பம் எனக்கு இருபது வருடப் பழக்கம். பெண்ணுக்குச் சித்திரையில் முகூர்த்தம் குறித்து 500 பத்திரிகை அடித்தார்கள். பாதி கொடுத்தும் விட்டார்கள். 21 நாள் வந்தது. ஏப்ரல் 14 ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்று எல்லோரையும் போல நம்பி, முன்னெச்சரிக்கையாக வைகாசிக்குத் தள்ளி வைத்து, கடை திறந்ததும் அடித்துக் கொடு என்று 300-க்குச் சொல்லிவைத்தார்கள். ஊரடங்கு மே 3 வரை என்றார்கள். பிறகு மே 17 என்றார்கள். பிறகு மே 31. நடுவில் கடையைத் திறக்க முடிந்த நாலு நாளில் நான் அடித்து முடித்தேன். அதற்குள் அந்தத் தேதியும் கைவிட்டுப் போனது. ஆனியில் பேச்சை எடுத்தார்கள், ஜூன் 24 முதல் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு. கடைசியில் ஆவணியில் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. பெண்ணின் அப்பா என் கடையில் உட்கார்ந்து, பழைய அழைப்புப் பட்டியலில் பேனாவால் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தார். சின்னத் தாய்மாமன் பெயர் வந்ததும் பேனா நின்றுவிட்டது. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவர் சொன்னது இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஆறு மாசம் ஆகும்னு முதல் நாளே சொல்லியிருந்தா மனசைத் தேத்திக்கிட்டு இருந்திருப்பேன். இதோ முடியுது, இதோ முடியுதுன்னு வச்சாங்க பாரு, அதைத்தான் தாங்க முடியல."

நோய் எப்போது ஓயும் என்று எந்த அரசுக்கும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாது என்பதையாவது சொல்லலாம். இரண்டு வாரம், இன்னும் இரண்டு வாரம் என்று கடைசி நாள் ராத்திரி வரை காக்க வைத்து நீட்டிக்கொண்டே போனதில்தான் மனுசன் உடைந்தான்.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு நாள் சாட்சி. 2020 ஏப்ரல் 24 அன்று அறிவிப்பு வந்தது: சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு. இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலை மளிகைக் கடை, காய்கறிக் கடை எல்லாவற்றிலும் தலை மேல் தலை. நானும் அந்தக் கூட்டத்தில் பையோடு நின்றவன்தான். ஒரு மாதமாக இடைவெளி விட்டு ஒழுங்காக வட்டத்துக்குள் நின்று சாமான் வாங்கிய அதே ஆட்கள், அன்று ஒருவர் முதுகில் ஒருவர். அந்தப் படங்களைப் போட்டு "திருந்தாத ஜென்மங்கள்" என்று எழுதினார்கள். லட்சக்கணக்கான வீடுகளை நான்கு நாள் சாமானை ஒரே காலையில் வாங்கச் சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஒரு வாரம் முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் ஏழு நாளாகப் பிரிந்திருக்கும்.

வீடு என்று எதைச் சொல்கிறோம் என்பதும் இருக்கிறது. என்னிடம் மெஷின் ஓட்டும் தம்பி இருப்பது காம்பவுண்டு வீட்டில். வரிசையாக எட்டு வீடு, எல்லாருக்கும் ஒரே குழாய், இரண்டு கக்கூஸ். ஒரு அறையும் சின்ன சமையல் தடுப்பும். அதற்குள் அவன், மனைவி, மூன்று பிள்ளைகள், அவன் அம்மா. மே மாத வெயிலில் ஓட்டுக் கூரைக்கடியில் பகல் முழுக்க ஆறு பேர். அவன் வாசலில் வந்து நின்றால் "வெளியே சுற்றுகிறான்" என்று கணக்கு. பால்கனி உள்ள வீட்டில் உட்கார்ந்து "வீட்டிலேயே இருங்கள்" என்று ஸ்டேட்டஸ் போட்டவர்களில் நானும் ஒருவன். அவன் வீட்டுக்கு அரிசி கொடுக்கப் போன அன்றுதான் அதை அழித்தேன்.

2020-இல் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் விலையில்லா ரேஷன் அரிசியும் வந்தது. 2021-இல் 2000, 2000 என்று இரண்டு தவணையாக 4000 ரூபாயும் மளிகைப் பையும். வந்தது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆறு பேர் குடும்பத்துக்கு அது எத்தனை நாள் என்பதையும் கணக்குப் போட வேண்டும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம் ஆறு ஊரடங்குகளில் மொத்தம் 262 நாள் அடைந்து கிடந்தது. அங்கே 2020-இல் வேலையில்லாமல் நின்றவர்களுக்கு முதலாளி வழியாக இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 1500 டாலர் வரை அரசே கொடுத்தது. அப்படிக் கொடுத்த ஊரிலும் 2021-இல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அப்படி எதுவும் கிடைக்காத என் மெஷின் தம்பி போராடக்கூட இல்லை. மனைவியின் கம்மலை அடகு வைத்தான். அதை இன்னும் மீட்கவில்லை.

கட்டுப்பாடு எல்லார் வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். கோயில் நடை சாத்தியிருந்த மே மாதத்தில், 7 ஆம் தேதி டாஸ்மாக் கடைகள் திறந்தன. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, 16 ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். "சாமி கும்பிட்டா ஒட்டிக்கிற நோய் அங்க நின்னா ஒட்டாதா?" என்று அம்மா கேட்டார். அன்று முதல் டிவியில் எந்த அறிவிப்பு வந்தாலும் அவர் காது கொடுப்பதை விட்டுவிட்டார்.

சாத்தான்குளத்தை எழுதாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்துக்குக் கொண்டு போய் அடித்தார்கள். 22 ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23 காலையில் அப்பா. கடையை அடைக்கும் நேரத்தில் தொடங்கிய விஷயம் இரண்டு உயிரில் போய் நின்றது. "அடிச்சாத்தான் அடங்கும்" என்று டீக்கடையில் நண்பர் சொன்னபோது எனக்கு அடிவயிற்றில் எரிந்தது இதனால்தான். அந்தச் சொல்லை நாம் சாதாரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். லத்தியைத் தூக்குகிறவர்களுக்கு அந்தப் பழக்கம்தான் தைரியம்.

அதே வருடம் ஜூலை மாதக் கடைசி. ஒரு நாள் காலை பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு பையன் உள்ளே வந்தான். எங்கள் பக்கம் பெயிண்டர் வேலை பார்ப்பவன், முகம் தெரியும். பத்தே பத்து கல்யாணப் பத்திரிகை வேண்டும் என்றான். யாருக்குக் கல்யாணம் என்றால் தயங்கினான். கல்யாணமே இல்லை. மனைவிக்குக் கோவில்பட்டி பக்கம் அவள் அம்மா வீட்டில் பிரசவம் ஆகியிருக்கிறது. பெண் குழந்தை, பிறந்து நாலு நாள். மாவட்டம் தாண்ட ஈ-பாஸ் வேண்டும். விண்ணப்பத்தில் அவனைப் போன்றவர்களுக்கு இருந்த காரணங்கள் கல்யாணம், அவசர சிகிச்சை, நெருங்கிய உறவில் சாவு. இரண்டு தடவை விண்ணப்பித்து இரண்டும் நிராகரிப்பு. "கல்யாணத்துக்குப் போகலாம், கேதத்துக்குப் போகலாம். பெத்த பிள்ளையப் பாக்கப் போகக் கூடாதாண்ணே?"

நான் அடித்துக் கொடுக்கவில்லை. பத்திரிகையின் கீழே என் அச்சகத்தின் பெயர் இருக்கும். மாட்டினால் கடைக்குச் சீல் வைப்பார்கள் என்ற பயம். அவன் ஒன்றும் சொல்லாமல் மறுபடி குனிந்து வெளியே போனான். ஆகஸ்ட் 17 முதல் ஆதாரும் போன் நம்பரும் கொடுத்தால் உடனே பாஸ் என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் போய்ப் பார்த்திருக்கிறான். முதல் மூன்று வாரம் அவனுக்கு இல்லாமலே போய்விட்டது. நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிராக 2021 மே மாதத்தைப் பார்க்கிறேன். 10 ஆம் தேதி முதல் ஊரடங்கு, 24 முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு. எங்கள் தெருவுக்கு போலீஸ் வர வேண்டிய வேலையே இல்லை. எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் ஆக்சிஜனுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். மதுரையில் சாவு என்றால் சுவரில் போஸ்டர் ஒட்ட வேண்டும். அச்சகம் மூடியிருந்ததால் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கண்ணீர் அஞ்சலி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் ஏழு செய்தேன். அதில் ஒருவர் என் பள்ளித் தோழன். தத்தனேரி சுடுகாட்டில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தோம், முகம் தெரியவில்லை. ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தபோது யாரும் யாரையும் அடக்க வேண்டியிருக்கவில்லை. சனங்களுக்குப் புரிய வைத்தால் போதும் என்று நான் நம்புவது அந்த மாதத்தைப் பார்த்ததால்.

ஆனால் தாங்கியதற்கெல்லாம் விலை உண்டு. சின்ன வகுப்புப் பிள்ளைகள் 2020 மார்ச்சில் பள்ளியை விட்டு வந்தவர்கள், 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்பப் போனார்கள். மெஷின் தம்பியின் மூத்த மகள் இரண்டாம் வகுப்பில் வீட்டுக்கு வந்து நாலாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள், எழுத்துக் கூட்டத் தெரியாமல். வீட்டில் ஒரே போன், அதுவும் அவன் கையில். அவள் தாங்கினாளா என்று யாரும் கேட்கவே இல்லை.

சரி, இன்னொரு தடவை வந்தால் தாங்குவார்களா? தாங்குவார்கள் என்றே நினைக்கிறேன், மனசு விட்டுச் சொல்கிறேன். ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். எவ்வளவு நாள் என்று தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கதவைச் சாத்தச் சொல்வதற்கு முன்னால் கையில் பணம் வரட்டும். குழாயடியையும் கக்கூஸையும் பங்கு போடுகிற வீடுகளுக்கு வேறு ஏற்பாடு யோசியுங்கள். லத்தியை உள்ளே வையுங்கள். ஈ-பாஸ் என்று ஒன்று மறுபடி வந்தால், பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போகிறவனுக்கும் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கட்டும்.