கப்பலில் டிப்ஸை வெட்டுவது கெட்டித்தனமா?

கப்பல் சுற்றுலா போய் வந்த எங்கள் சனத்தோடு கதைத்தால் ஒரு விசயம் கட்டாயம் வரும். கப்பல் எவ்வளவு பெரிசு, சாப்பாடு எத்தனை வகை என்றெல்லாம் சொல்லி முடித்த பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "டிப்ஸ் எண்டு ஒரு காசு போடுவாங்கள். கவுண்டரில போய்ச் சொன்னா எடுத்துவிடுவாங்கள். நாங்கள் முதல் நாளே வெட்டிப்போட்டம்" என்பார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் அதைக் கவனமாக மனதில் குறித்துக்கொள்வார். ரொறன்ரோவோ லண்டனோ பாரிஸோ, எங்கிருந்து வந்தவரானாலும் இந்தக் கதை மட்டும் மாறுவதில்லை. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

முன்பெல்லாம் இது வெளிநாட்டில் இருப்பவர்களின் கதை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கு வந்ததோடு இங்கே இலங்கையிலும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூருக்கு எங்கள் பாஸ்போர்ட்டில் விசா எடுக்காமலே போகலாம் என்பதால், கனடா அக்காவும் லண்டன் தம்பியும் ஊரிலிருந்து போகிற அம்மாவும் அங்கே சந்தித்துக் கப்பல் ஏறுவதும் நடக்கிறது. நானும் அப்படி அக்கா குடும்பத்தோடு போனவள்தான். டிப்ஸ் விசயத்தில் அத்தானோடு சாப்பாட்டு மேசையிலேயே வாதாடியும் இருக்கிறேன். "காசு குடுத்துத்தானே பிள்ளை ஏறினது, பிறகென்ன டிப்ஸ்?" என்பது அவருடைய கட்சி.

அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய அமெரிக்கக் கப்பல் நிறுவனங்கள் பல, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டொலர் வரை டிப்ஸ் என்று கணக்கில் தாமாகவே ஏற்றிவிடுகின்றன. பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் அதே தொகைதான். நாளுக்கு 18 டொலர் என்று வைத்தால், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஏழு இரவுக்கு 504 டொலர். எங்கள் காசுக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேலே. டிக்கெட் விளம்பரத்தில் இந்தத் தொகை கண்ணில் படாது. கடைசி நாள் கணக்கைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது? அறை துப்பரவாக்குகிறவர், மேசைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர், அவருக்கு உதவியாக நிற்பவர் ஆகியோருக்குப் போவதை எல்லோரும் ஊகிப்பார்கள். நாங்கள் ஒருநாளும் முகம் பார்க்காத ஆட்களுக்கும் அதிலிருந்து பங்கு போகிறது. படுக்கை விரிப்புத் தோய்ப்பவர், குசினிக்குப் பின்னால் கோப்பை கழுவுபவர் என்று கப்பலின் அடித்தட்டில் ஒரு கூட்டம் வேலை செய்கிறது. "நான் வெட்டினாலும் என்ன, பிடித்த ஆளுக்குக் கையில் கொடுத்தேன்" என்று சொல்கிறவர்கள் இந்தப் பங்கைத்தான் வெட்டுகிறார்கள். சில கப்பல்களில், டிப்ஸை எடுத்துவிட்ட பயணி கையில் கொடுக்கும் காசையும் ஊழியர் பொதுக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று விதி இருக்கிறது. கொழும்பு ஹோட்டல் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் வருகிறதல்லவா? ஹோட்டலில் வேலை செய்யும் பொடியளிடம் கேட்டுப்பாருங்கள், அடிப்படைச் சம்பளத்தை விட அந்தப் பங்கைத்தான் முதலில் சொல்லுவார்கள். கப்பலிலும் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

ஏன் நிறுவனமே ஒழுங்கான சம்பளம் கொடுப்பதில்லை என்று கேட்டால், கப்பலின் பின்பக்கம் பறக்கும் கொடியைப் பார்க்கவேண்டும். மயாமியிலிருந்து புறப்படுகிற கப்பல் பஹாமாஸிலோ பனாமாவிலோ பதிவாகியிருக்கும். அதனால் அமெரிக்காவின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அங்கே செல்லாது. இருக்கிற பெரிய பாதுகாப்பு, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் சமவாயம். அதன்படி கப்பல் ஊழியருக்கு 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலமும், ஏழு நாளில் குறைந்தது 77 மணித்தியாலமும் ஓய்வு வேண்டும். வாசிக்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் கிழமைக்கு 91 மணித்தியாலம் வரை வேலை வாங்க இடமிருக்கிறது. எங்கள் நாட்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் அது 45 மணித்தியாலம். கப்பல் வேலையோ மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல். எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஒருவன் கப்பல் சாப்பாட்டு மண்டபத்தில் உதவி வெயிட்டராக இருக்கிறான். நல்லூர்த் திருவிழா வருசா வருசம் அவனுக்குக் கைபேசியில்தான்.

ஆகவே கோபம் நிறுவனத்தின் மேல் என்றால் நானும் சேர்ந்து கோபப்படுகிறேன். பிரித்தானியாவின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019இல் டிப்ஸைத் தனியாக அறவிடுவதை நிறுத்திப் பயணக் கட்டணத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. அங்கேயுள்ள இன்னொரு கப்பல் நிறுவனமான மரெல்லாவும் அப்படித்தான். செய்யமுடியாத வேலை இல்லை, செய்யாமல் இருக்கிறார்கள். புதுக் கணக்குக் கேட்கப் பிடிக்காதவர்கள் இப்படியான நிறுவனத்தில் போங்கள், அல்லது டிக்கெட் எடுக்கும்போதே டிப்ஸையும் முன்கூட்டிக் கட்டிவிடுங்கள். நிறுவனத்தோடு உள்ள சண்டையை விரிப்புத் தோய்க்கிறவரின் சட்டைப் பையில் போய் முடிப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

ஏமாறாமல் இருக்கவேண்டிய இடம் வேறு. மதுவோ ஜூஸோ வாங்கினால் அந்தப் பில்லில் 18 அல்லது 20 வீதம் ஏற்கனவே சேர்ந்திருக்கும். அதற்குக் கீழே இன்னொரு வெற்றுக் கோடு விட்டிருப்பார்கள். தெரியாமல் அதிலும் ஒரு தொகையை எழுதினால் இரண்டாம் முறை கொடுக்கிறீர்கள். விருப்பமென்றால் எழுதுங்கள், கடமை இல்லை. உண்மையாகவே விழுந்து விழுந்து பார்த்தவருக்குக் கடைசி இரவு பத்தோ இருபதோ டொலரைக் கையில் வைத்துவிடலாம். நிறுவனம் அனுப்பும் கருத்துப் படிவத்தில் அவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால் இன்னும் நல்லது, பதவி உயர்வுக்கு அது உதவும்.

இலங்கை வங்கி அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கப்பலில் எல்லாச் செலவும் அறை அட்டையில் ஏறும். அதற்குப் பிணையாக உங்கள் வங்கி அட்டையில் ஒரு தொகையை மறித்து வைப்பார்கள். டெபிட் அட்டை கொடுத்தால் உங்கள் சொந்தக் காசே முடங்கி, இறங்கிய பிறகும் சில நாள் திரும்பாது. கிரெடிட் அட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் டொலரைக் கவுண்டரில் கட்டுங்கள். கணக்கைக் கடைசிக்கு முதல் நாளே பாருங்கள். இறங்கும் காலையில் அந்த வரிசை நல்லூர்த் தேருக்கு நிற்கிற மாதிரி.

இனிச் சாப்பாடு. "மரக்கறி எண்டு சொன்னன், புரொக்கோலி அவிச்சுத் தந்தாங்கள்" என்பது எங்கள் பக்கத்து நிரந்தரக் குறை. வெறுமனே மரக்கறி என்று சொன்னால் அவர்களுக்கு அதுதான் தெரியும். பயணத்துக்கு முன்பே உணவுப் படிவத்தில் இந்திய மரக்கறி என்று குறிப்பிடுங்கள். ஏறிய முதல் இரவே மேசைக்குப் பொறுப்பான ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டுக் கதையுங்கள். அடுத்த நாள் மெனுவை முதல் நாள் இரவே காட்டுவார், சொல்லிவைத்தால் பருப்பும் கிழங்குக் கறியும் சோறும் வரும். பல கப்பல்களில் குசினிக்குள் இந்தியச் சமையற்காரர் இருக்கிறார்கள், கேட்டால்தானே செய்வார்கள்.

விரதக்காரர் இன்னும் கவனிக்கவேண்டும். பிரெஞ்சு வெங்காயச் சூப் வழக்கமாக மாட்டெலும்பு அவித்த தண்ணீரில்தான் வைப்பது. சீசர் சலாதுக்கு ஊற்றும் சோஸில் நெத்தலி மாதிரி ஒரு மீன் இருக்கும். ஜெலி, மூஸ் போன்றவற்றில் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின். தாய்லாந்துக் கறியில் மீன் சோஸ். பெயரைப் பார்த்து மரக்கறி என்று நம்பி எடுத்துவிடாதீர்கள். ஜூலைக் கடைசியிலோ ஓகஸ்டிலோ நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் மச்சம் தொடாத வீடுகளுக்கு, அந்த நாட்களில் கப்பல் வேண்டாம் என்பதே என் கருத்து.

இரவுச் சாப்பாடு இரண்டு பந்தியாக இருந்தால் முதல் பந்தி மாலை ஐந்தரை, ஆறு மணிக்கே தொடங்கிவிடும். எட்டரைக்குப் பிட்டு அவிக்கிற வீட்டாருக்கு இரண்டாம் பந்திதான் சரி, சீனி வருத்தக்காரரைத் தவிர. புஃபேக்குள் போகும்போது வாசலில் ஜெல் தருவார்கள். சத்தியும் வயிற்றோட்டமும் கொண்டுவருகிற நோரோவைரசுக்கு அந்த ஜெல் போதாது, சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். கையால் சாப்பிடுகிற எங்களுக்கு அது இரட்டிப்பு அவசியம். கையால் சாப்பிடக் கூச்சப்படவும் தேவையில்லை, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ரைஸ் குக்கர், கேத்தல், இஸ்திரிப்பெட்டி மூன்றையும் வீட்டில் விட்டுப்போங்கள். தீ அபாயம் என்று ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். பைக்கற்றில் ஒட்டிய பருத்தித்துறை வடை பிரச்சினை இல்லை, வீட்டில் சமைத்த இறைச்சிக் கறி நிச்சயமாகப் பிரச்சினை.

கடைசியாக, இந்தப் பதிவைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்ப யோசிக்கிற பெற்றோருக்கு. நான் மேலே சொன்ன அதே சமவாயத்தை இலங்கையும் 2017இல் ஏற்றுக்கொண்டது. வெயிட்டர், அறைப் பணியாளர் எல்லோரும் அதில் கடலோடிகள்தான். வேலை எடுத்துத் தருவதற்கென்று அவர்களிடம் காசு வாங்கக்கூடாது என்பது அதன் விதி. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட், இவற்றின் செலவு மட்டும் பொடியனுடையது. விசாச் செலவு கூடக் கப்பல்காரருடையது. ஐந்து இலட்சம் கட்டு, பத்து இலட்சம் கட்டு என்று ஆராவது வந்தால் இதைக் காட்டிக் கேளுங்கள். நல்ல ஏஜெண்ட் யார் என்று இன்பாக்ஸில் கேட்கவேண்டாம், எனக்கு ஒருவரையும் தெரியாது.