பகல் முழுக்க வீட்டில இருக்கிற ஆளைக் கேட்டு வீடு கட்டுங்கோ

யாழ்ப்பாணத்தில எங்கட ஊரில இப்ப எந்த ஒழுங்கையால போனாலும் வீட்டு வேலை நடக்குது, ஒண்டில் புதுசாக் கட்டுகினம் இல்லாட்டி பழசை உடைச்சுத் திருத்துகினம். பார்க்கச் சந்தோசம்தான். ஆனா ஒரு விசயம் கனநாளா மனசுக்க கிடந்து உறுத்துது. இந்த வீடுகளை ஆருக்காகக் கட்டுறம்? வந்து பார்த்திட்டுப் போற சனத்துக்கா, உள்ளுக்க இருக்கிற ஆளுக்கா?

2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டதோட எல்லாரும் வீட்டுக்குள்ள அடைபட்டம். அதுக்கு முதல் கனபேருக்கு வீடு எண்டா காலமை வெளிக்கிட்டுப் போய் பின்னேரம் வந்து சாப்பிட்டுப் படுக்கிற இடம். பேந்து 2022இல பொருளாதார நெருக்கடி, பெற்றோல் இல்லை, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட், திரும்பவும் வீடுதான். நான் இப்பவும் கொழும்பில இருக்கிற கொம்பனி ஒண்டுக்கு வீட்டில இருந்துதான் கணக்கு வேலை பார்க்கிறன். மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ளுக்க இருந்து பார்த்தாத்தான் ஒரு வீட்டின்ர குணம் தெரியும், பின்னேரம் லைற்றைப் போட்டிட்டுப் பார்த்தா எல்லா வீடும் வடிவுதான்.

வெக்கையை எடுங்கோ. சித்திரை வருசப்பிறப்பு வாற நேரம் யாழ்ப்பாணத்தில மத்தியான வெயில் உச்சந்தலைக்கு நேரா நிக்கும். கொங்கிறீற் கூரை அந்தச் சூட்டைப் பகல் முழுக்கக் குடிச்சு வைச்சிருந்து இரவில உள்ளுக்க விடும், அதால மேல் மாடி அறையில ராத்திரி பத்து மணிக்கும் படுக்கேலாது. ஓட்டு வீட்டில அப்பிடி இல்லை, சூடு மேல எழும்பி ஓட்டு இடுக்குகளால போயிடும், பொழுதுபட்ட கையோட ஓடும் ஆறிப்போகும். நாலு பக்கமும் கட்டி நடுவில திறந்த முத்தம் விட்ட நாற்சார் வீட்டில அந்த நடு முத்தமும் அதே வேலையைத்தான் செய்தது. இப்ப அந்த முத்தத்தை மூடி ஹோல் ஆக்கி, அதுக்கு மேல ஃபோல்ஸ் சீலிங் அடிச்சு, பிறகு வெக்கை தாங்கேலாம ஏசி பூட்டி, மாசக் கடைசியில கரண்ட் பில்லைப் பார்த்திட்டு அந்த ஏசியையும் நிப்பாட்டி வைக்கினம்.

யன்னல் விசயமும் இதுதான். ரெண்டு கதவு வைச்ச அலுமினியம் ஸ்லைடிங் யன்னலை எவ்வளவு பெரிசாப் போட்டாலும் பாதிதான் திறபடும். வைகாசியில இருந்து ஆவணி மட்டும் சோளகம் தென்மேற்கால அடிக்கும், அந்தக் காத்து உள்ளுக்க வந்தாலே பாதி ஃபான் தேவையில்லை. ஆனா கன வீட்டுப் படங்களில அந்த மூலையிலதான் பாத்றூமும் ஸ்ரோர் றூமும் கீறிக் கிடக்கு! நுளம்பு வரும் எண்டு சொல்லுவினம், மாரியில டெங்குப் பயம் எனக்கும் இருக்கு, அதுக்கு நுளம்பு வலை அடிச்ச ரெண்டு பக்கமும் திறக்கிற மர யன்னல் போடலாம். சிலவு கொஞ்சம் கூடத்தான். ஃபோல்ஸ் சீலிங்குக்குக் குடுக்கிற காசை இதில போட்டா என்ன?

எங்கட அயலில ஒரு மாமி இருக்கிறா, பிள்ளையள் வெளிநாட்டில. அவைதான் வட்ஸ்அப்பில படம் அனுப்பி, கலர் தெரிஞ்சு, மாடி வைச்சு வடிவாக் கட்டிக் குடுத்தவை. ஒருநாள் மத்தியானம் போனன், மாமி முன் விறாந்தையில பாய் போட்டுப் படுத்திருக்கிறா.

"ஏன் மாமி இதில?"

"உள்ளுக்க மூச்சு முட்டுது பிள்ளை. இதிலதான் கொஞ்சம் காத்து வருது."

அந்தப் பிள்ளையளைக் குறை சொல்லேல்லை. தொண்ணூறுகளில சண்டைக் காலம், சீமெந்துக்கே தடை, 95இல வீடு வாசலை விட்டிட்டு ஒரே இரவில வெளிக்கிட்ட சனம், திரும்பி வந்து பார்க்கேக்க கனபேருக்குக் கூரையும் இல்லை கதவு நிலையும் இல்லை. அப்பிடிப்பட்ட ஆக்கள் தாய்க்கு மினுங்குற வீடு கட்டிக் குடுக்க ஆசைப்படுறது மரியாதையான ஆசை. நான் கேக்கிறது ஒண்டுதான், நல்லூர்த் திருவிழா 25 நாளுக்கு வந்து நிக்கிற ஆள் தீர்மானிக்கிறதோ, வருசம் முழுக்க அதுக்குள்ள இருக்கிற அம்மா தீர்மானிக்கிறதோ?

குசினியைப் பாருங்கோ. முன்னுக்குக் கபேட் எல்லாம் அடிச்சு வடிவான குசினி, அதில தேத்தண்ணி மட்டும்தான் போடுறது. மீன் பொரிக்கிறது, தேங்காய் திருவுறது, மாவறுக்கிறது எல்லாம் பின்னுக்கு வீட்டோட சாய்ச்சு இறக்கின தகரப் பத்தியில, ஃபானும் இல்லை, ஒழுங்கான வெளிச்சமும் இல்லை. எங்கட அம்மா முருங்கையிலை ஆயிறதுக்கு பத்திக் குந்திலதான் இருப்பா, சுளகை மடியில வைச்சுக்கொண்டு. அதில இருந்தா கிணத்தடியும் தெரியும் கேற்றும் தெரியும், ஆர் வந்தாலும் எழும்பாமலே குரல் குடுக்கலாம். அந்த இடத்தை அவ சும்மா பிடிக்கேல்லை. ஆனா வீட்டுப் படத்தில அதுக்கு ஒரு கோடு கூட இல்லை.

டைல்ஸைப் பற்றியும் சொல்லோணும். வெள்ளை மினுங்கல் டைல்ஸ் மாரியில ஈரக்காலோட வந்தா வழுக்கும், வயசு போன ஆக்கள் இருக்கிற வீட்டுக்குச் சரிவராது. வெறும் சுவரும் டைல்ஸுமா இருக்கிற அறையில சூம் மீற்றிங் இருந்து பாருங்கோ, எங்கட குரல் எங்களுக்கே ரெண்டாக் கேக்கும். ஒரு தடிச்ச பருத்தித் திரைச்சீலை, கீழ ஒரு பாய், ஒரு புத்தக றாக்கை வைச்சாலே சத்தம் அடங்கும். நான் மேசையைக் கிழக்குப் பக்க விறாந்தைக்குக் கொண்டு போயிட்டன், அது பழைய சிவப்புச் சீமெந்து நிலம், மத்தியானத்துக்குப் பிறகு வெயில் இல்லை, காலுக்கும் குளிர்மை. ஹோலில கிடந்த பெரிய செற்றியையும் எடுத்திட்டு ரெண்டு சாய்மனைக் கதிரை போட்டிருக்கிறம், இப்பதான் வீட்டு ஆக்கள் அதில வந்து இருக்கினம்.

புதுசாக் கட்டப் போறவை, மேசனோட கதைக்கிறதுக்கு முதல் அம்மாவோட கதையுங்கோ. எங்க இருந்து மரக்கறி வெட்டுவா, மத்தியானம் எதில சாயுவா, எந்தப் பக்கத்தால காத்து வரும் எண்டு அவவுக்குத் தெரியும். எங்கட பத்திக்கு வாற கிழமை ஒரு சிங்கும் ஃபானும் பூட்டி மேற்குப் பக்கம் வெயிலுக்குத் தட்டி கட்டப் போறம். சிலவு விபரம் வேணுமெண்டாக் கீழ கேளுங்கோ, வேலை முடிய எழுதிவிடுறன்.