நடராஜரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது

சிலைத் திருட்டைப் பற்றிய அந்தப் புதுப் படத்தின் முடிவு நம்பும்படி இல்லை என்று முந்தாநாள் நான் எழுதிய நாலு வரிக்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை "சினிமாவை சினிமாவா பாருங்கண்ணே" என்றுதான் இருந்தன. அப்படித்தான் பார்த்தேன். இடைவேளை வரைக்கும் நல்ல படம். சிலை வாங்க வந்த ஆளாக வேஷம் கட்டிக் கும்பலுக்குள் நுழைகிற அந்த எஸ்.ஐ. பாத்திரமும் நன்றாக இருந்தது.

வலித்தது கடைசிப் பத்து நிமிடம். எஸ்.ஐ. நடராஜரை ஒரு கையில் அணைத்துக்கொண்டு வரப்பில் ஓடுகிறார். ஸ்டேஷனில் வில்லன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். அடுத்த காட்சியிலேயே சாமி சன்னதியில் நிற்கிறார், தீபாராதனை நடக்கிறது. கும்பகோணத்து தியேட்டரே கைதட்டியது. சுற்றுவட்டாரத்தில் எத்தனை கோவிலில் வீதியுலா போகிற உற்சவர் சிலை இல்லாமல் வெறும் பீடம் நிற்கிறது என்று தெரிந்த ஜனம் கைதட்டியது.

திருடனைப் பிடிப்பது இதில் பாதி வேலைகூட இல்லை. பிடிபட்ட சாமி எந்த ஊர் சாமி என்று நிரூபிப்பதுதான் கேஸ்.

முதலில் எடை. சோழர் காலத்து உற்சவர்கள் கனமாக, உள்ளே பொள்ளல் இல்லாமல் வார்க்கப்பட்டவர்கள். ஒரு பத்து லிட்டர் குடம் நிறையத் தண்ணீர் பத்துக் கிலோ. அதே அளவு வெண்கலம் 85 கிலோவுக்குக் குறையாது. திருவாசியோடு, அதாவது சுற்றியுள்ள சுடர் வளையத்தோடு இருக்கிற மூன்றடி நடராஜரை இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் நகர்த்த வேண்டும்.

அடுத்தது வேஷம். சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983இல் வந்தது. வாங்குகிறவர் போலப் போய்ப் பிடிப்பது அவர்கள் பல கேஸில் செய்த வேலை. அதில் சண்டை ரொம்பக் குறைவு, காத்திருப்புதான் அதிகம். புரோக்கர் முதலில் போனில் படம்தான் காட்டுவான். பணத்தைக் கண்ணால் பார்க்காமல் பொருளைக் கொண்டுவர மாட்டான், சந்திக்கிற இடத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பான். போகிற அதிகாரிக்குச் சிலை தெரிந்திருக்க வேண்டும். படத்தில் கதாநாயகன் கத்தியால் சுரண்டிப் பார்க்கிறார். பழம்பொருள் வாங்குகிறவன் அப்படிச் செய்ய மாட்டான், கீறல் விழுந்தால் விலை போய்விடும். அபிஷேகத்தில் முகம் தேய்ந்திருக்கிறதா, பீடத்தில் தூக்கிப் போகக் கழி செருகும் துளை இருக்கிறதா, களிம்பு இயல்பாக ஏறியதா, புதுச்சிலைக்கு அமிலம் போட்டு வரவழைத்ததா என்றுதான் பார்ப்பான்.

பிடித்த பிறகு சாட்சிகளை வைத்து மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான பத்திரம், எழுத வேண்டும். 2024 ஜூலை முதல் சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுப்பது கட்டாயம். தியேட்டர் கொண்டாடிய அந்த ஸ்டேஷன் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. போலீசிடம் ஒருவன் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டம் சொன்னது, இன்றைய புதுச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. அவன் சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கான பகுதி மட்டும்தான் செல்லும்.

"இதையெல்லாம் காட்டினா யாரு பாப்பா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, கும்பகோணம் பக்கத்து நம்ம சிவபுரம் கதையைக் கேளுங்கள். 1951இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் 1954இல் பழுதுபார்க்கப் போனார். திரும்பி வந்தது நகல். ஊரே அந்த நகலைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அசல் பம்பாயில் ஒரு தனியார் சேகரிப்பில் இருப்பதை 1965இல் பிரிட்டிஷ் மியூசியத்து டக்ளஸ் பாரெட் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அமெரிக்காவுக்கு ஒன்பது லட்சம் டாலருக்குப் போன சாமி 1986இல்தான் திரும்பினார். இதைவிட என்ன த்ரில்லர் வேண்டும்?

"கலைஞனுக்குச் சுதந்திரம் இல்லையா?" இருக்கிறது. ஆனால் படம் முழுக்கக் குருக்களைத் திருடனாகக் காட்ட எடுத்துக்கொண்ட சுதந்திரத்தில் கால்வாசி, சாமி எப்படித் திரும்புகிறார் என்று விசாரிக்கவும் போயிருக்கலாம். குருக்களே திருடிய கேஸ் இல்லையா என்பீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒற்றை விளக்கை வைத்துக்கொண்டு மூன்று ஊர்க் கோவிலுக்கு சைக்கிளில் போகிற மனிதர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் யோசியுங்கள்.

சரி, எந்த ஊர் சாமி என்று எப்படி நிரூபிப்பது? சிலை செய்யும்போது மெழுகுச் சிலைமேல் வண்டல் மண் பூசிச் சூடாக்கி, மெழுகை வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒரு சிலை போல இன்னொன்று அச்சு அசலாக வராது. திருவாசியில் ஒடிந்த ஒரு சுடர், விரலோரம் ஒரு வார்ப்புக் குறை, இவைதான் சாமியின் கைரேகை. அதைப் பழைய போட்டோவோடு ஒப்பிட வேண்டும். கோவில் சிலைகளைப் படமெடுத்து வைத்த, 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் போட்டோக்கள் இல்லையென்றால், அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராஜர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருப்பாரா? போட்டோவே எடுக்காத கோவில் சாமிக்கு யார் சாட்சி?

போட்டோ இருந்து, கேஸும் ஜெயித்தால் சாமி ஊருக்கு வந்துவிடுவாரா? திருவாரூர் பக்கத்துப் பத்தூர் நடராஜருக்காக லண்டன் கோர்ட் வரை போய் ஜெயித்தோம். கோவிலே உரிமை கோரி நின்ற கேஸ் அது. 1991இல் திரும்பி வந்தவர் கோவில் சிலைகளைப் பூட்டி வைக்கிற திருவாரூர் பாதுகாப்பு மையத்துக்குள் இருக்கிறார். கோவிலில் பாதுகாப்பு இல்லை என்பது காரணம். காரணம் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் காட்டிய தீபாராதனை எங்கே நடந்தது? சொல்லுங்கள், எந்த ஊரில்?

மார்கழித் திருவாதிரைக்கு இந்தப் பக்கத்துச் சின்னக் கோவில் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். நடராஜர் சன்னதியில் கல்பீடம் இருக்கும். அதன்மேல் கண்ணாடி போட்ட ஒரு போட்டோ சாய்த்து வைத்திருப்பார்கள். களியை அதற்கு முன்னால்தான் வைக்கிறார்கள்.