‘மார்ஜின் கிளியர்’ என்றால் நோய் திரும்பாது என்பது தவறு

‘ஆரம்பநிலை நாக்குப் புற்றுநோயில் மார்ஜின் கிளியர் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் நோய் திரும்பாது, செக்கப்பும் வேண்டாம்’ என்று எழுதியிருப்பது தவறு. தயவுசெய்து இதை நம்பி யாரும் செக்கப்பை நிறுத்திவிடாதீர்கள்.

மார்ஜின் என்பது கட்டியோடு சேர்த்து அதைச் சுற்றி வெட்டியெடுக்கும் நல்ல சதையின் ஓரம். வெட்டியெடுத்த சதையின் ஓரங்களில் மை தடவி, துண்டு போட்டு, கட்டிக்கும் மைக்கும் இடையே உள்ள தூரத்தை மைக்ராஸ்கோப்பில் அளப்பார்கள். பொதுவாக 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கிளியர்; அதற்குக் கீழே ‘குளோஸ்’; மையைக் கட்டி தொட்டிருந்தால் ‘பாசிட்டிவ்’, அதாவது வெட்டிய ஓரத்திலேயே கட்டி இருக்கிறது. ஆகவே வார்த்தையை விட எண் முக்கியம், அதைக் கேட்டு வாங்குங்கள். அறுத்ததும் நாக்குச் சதை சுருங்கிவிடும். அறுவைசிகிச்சையில் சுமார் 1 செ.மீ. விட்டு வெட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். பெரும்பாலும் குறைந்துபோவது ஆழத்து மார்ஜின்தான்: மேல்விளிம்பு கண்ணுக்குத் தெரியும், தசைக்குள்ளே விரலால் அழுத்தித்தான் கணிக்க முடியும்.

இன்னொன்று, மார்ஜின் கட்டி இருந்த இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். கழுத்து நிணநீர்க் கணுக்களில் ஒளிந்திருப்பதை அது சொல்லாது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்தில் கணு வீக்கம் தெரியாத ஆரம்பநிலை வாய்ப்புற்றுநோயாளிகளுக்கு முதல் ஆபரேஷனிலேயே கணுக்களையும் அகற்றியபோது 3 ஆண்டுகளில் உயிரோடிருந்தவர்கள் 80%. கணு வீங்கும்வரை காத்திருந்தவர்களில் 67.5%. கட்டி எத்தனை மி.மீ. ஆழம் இறங்கியிருக்கிறது என்பதும், நரம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறதா என்பதும் அதே ரிப்போர்ட்டில் இருக்கும். கதிர்வீச்சு சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்க அவையும் வேண்டும்.

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள்தான். புகையிலையை விடாவிட்டால் வாயில் வேறொரு இடத்தில் புதிதாகவே வரலாம், அதை எந்த மார்ஜினும் தடுக்காது.