மலைக்குச் சைக்கிள் ஏத்துறதுக்கு முன்னாடி டிகிரியைப் பாக்காதீங்க

கத்திரி வெயில் ஆரம்பிச்சதும் காரைக்குடி, தேவகோட்டை சைக்கிள் குரூப்புகள்ல ஒரே ஸ்கிரீன்ஷாட்தான். இங்க 38 டிகிரி, கொடைக்கானல்ல 25, "கிளம்புவோமா அண்ணே?" இதுக்கு போனே தேவையில்ல. ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு, ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். கணக்கு முடிஞ்சது.

மலைல மண் பாதைல ஓட்டப் போறவங்க கேக்க வேண்டிய கேள்வி வேற: நேத்து சாயங்காலம் அங்க மழை பெஞ்சுச்சா?

மே மாசத்துல காலை வெயில் மலைச் சரிவைச் சூடாக்கும். சூடான காத்து ஈரத்தோட சரிவேறிப் போய் மேகமாத் திரளும். மதியம் ரெண்டு, மூணு மணிக்கு இடிதான். எந்தச் சரிவுல கொட்டும்னு போன் சொல்லாது. பண்ணைக்காட்டுல கொட்டித் தீர்க்கிற அதே நேரம் பூம்பாறைப் பக்கம் புழுதி பறக்கும். அதனால போற ஊர்ல டீக்கடைக்காரர், ஜீப் ஓட்டுறவர் யாராவது ஒருத்தர் நம்பர் வச்சுக்கங்க. எந்த ஆப்பும் அவங்களுக்கு ஈடில்ல.

மண்ணைப் பத்தி நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். நம்ம செம்புராங்கல் சரளைல எவ்வளவு பெஞ்சாலும் தண்ணி சீக்கிரம் இறங்கிடும், கொஞ்ச நேரத்துல ஓட்டலாம். மழை பெஞ்ச கண்மாய்க் கரைல எவனாவது சைக்கிளை இறக்குவானா? வண்டல் டயரோட ஒட்டி, சக்கரமே சுத்தாது. இதெல்லாம் தெரிஞ்ச ஆளுங்கதான் மலைக்குப் போனதும் மறந்துடுறாங்க. அங்க மரநிழல்ல இருக்கிற கருப்பு மண்ணு, இலை மக்கின மண்ணு. ஒரு மழைக்கு ரெண்டு மூணு நாள் ஈரம் காயாது. அதுல டயர் பதிஞ்சா பள்ளம். அடுத்த மழைத் தண்ணி அந்தப் பள்ளத்துலயே ஓடி, ஒத்தையடிப் பாதை ஓடையாயிடும். நாம ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டு ஊருக்கு வந்துடுவோம், மூட்டை தூக்கிக்கிட்டு அதுல நடக்கப் போறது அந்த ஊர்க்காரங்க. ஒரு பிடி மண்ணெடுத்து அமுக்கிப் பாருங்க. உருண்டையாப் பிடிச்சுக்கிட்டு கையில ஒட்டினா தார் ரோட்டுக்குத் திரும்பிடுங்க. இதுல எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்ல.

அதுக்காக மழையே ஆகாதுன்னு சொல்ல வரல. வெட்டவெளிச் செம்மண் தடத்துல முந்தின நாள் லேசாத் தூறிருந்தா அதுதான் யோகம். புழுதி அடங்கி டயர் அப்படியே பிடிக்கும். ஒரேயடியாக் காஞ்சு கிடந்தாத்தான் வம்பு. கெட்டித் தரை மேல பொடிக்கல் கிடக்கும், ஆத்தங்குடித் தரைக்கல்லு மேல கடுகைக் கொட்டின மாதிரி. பைன் மரத்தடில காஞ்ச ஊசி இலையும் வழுக்கும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கங்க, வளைவுக்குள்ள முன் பிரேக்கை அமுக்காதீங்க.

டயர் காத்து பத்தி ஒரு வார்த்தை. சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்து நாம கல்லு மாதிரி அடிச்சு வச்சிருப்போம். மலைல அது குதிக்கும், பிடிக்காது. அந்த உயரத்துல வெளிக்காத்தோட அழுத்தமும் குறைவு, அதனால காத்து அளக்கிற கேஜ்ல மூணு பிஎஸ்ஐ கிட்ட கூடுதலாக் காட்டும், குளிர் அதுல கொஞ்சத்தைக் குறைக்கும். மேல போய் ஒரு தடவை பாத்துக்கங்க.

நேரம்தான் நம்ம ஆளுங்களுக்கு ஆகாத விஷயம். லாட்ஜ்ல பொங்கல், வடை முடிச்சுட்டு பத்து மணிக்குக் கிளம்பினா இடி நடுக்காட்டுலதான் பிடிக்கும். ஆறு மணிக்குச் சக்கரம் உருளணும், பன்னெண்டுக்குள்ள இறங்கிடணும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல முப்பது செகண்டு கூட இல்லைன்னா இடி பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கு, உடனே கட்டடத்துக்குள்ளயோ கார்லயோ ஏறிடுங்க. தனி மரத்தடில ஒதுங்காதீங்க.

காட்டுப் பாதைன்னா வனத்துறை அனுமதி இல்லாம நான் வரமாட்டேன், கூப்பிடாதீங்க. 2018 மார்ச் 11, தேனிப் பக்கம் குரங்கணி காட்டுத்தீ. 23 உசிரு. காஞ்ச புல்லுல தீ எவ்வளவு வேகமா ஏறும்னு அதுக்கப்புறமும் தெரியாத மாதிரி பேசுறது எனக்குப் பிடிக்கல. எஸ்டேட் வழி, கிராமத்து மண்ரோடே நமக்குப் போதும், அதுக்கும் கேட்டுட்டுத்தான் போகணும். கொடைக்கானலுக்குக் கார் போறதுக்கு 2024 மே மாசத்துலருந்து இ-பாஸ் வேணும், அதையும் எடுத்துக்கங்க.

என்னைக் கேட்டா மே மாசமே வேண்டாம். கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடர்ல பெருமழை அக்டோபர், நவம்பர்லதான். ஜூன்ல இடிமழை கொஞ்சம் அடங்கும், காத்தும் மூடுபனியும் இருக்கும், பள்ளிக்கூடம் திறந்து கூட்டமும் கலைஞ்சிருக்கும். வால்பாறைக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்க அப்பத்தான் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். ஜூன் மூணாவது வாரம் கொடைக்கானல் மலைல தாண்டிக்குடிப் பக்கம் போகலாம்னு இருக்கேன். வர்றவங்க சொல்லுங்க, வண்டில இன்னும் ரெண்டு சைக்கிள் ஏத்தலாம்.